தாசில்தாரின் கடைவாய்ப் பல்

ஜனவரி 4, சனி

மாட்டுத் தீவனக் கம்பெனி ஒன்று இலவசமாகக் கொடுத்த டைரி இது. என்னிடம் மாடு இல்லை. கம்பெனியின் ஏஜெண்ட் என்னோடு வேலை பார்த்த கணக்கு வாத்தியாரின் மைத்துனர் என்பதால் எனக்கும் ஒன்று வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கறவை மாடு பற்றி ஒரு குறிப்பு அச்சடித்திருக்கிறார்கள். சினை மாட்டுக்குத் தாது உப்பு அவசியம் என்கிறது இன்றைய குறிப்பு. எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை.

ரிட்டயர்டு ஆன ஒருவன் டைரி எழுத ஆரம்பித்தால் அவனுக்கு வேறு வேலை இல்லை என்று ஊர் முடிவுகட்டும். எனக்கு வேலை இருக்கிறது. ஒரு பூனை இருக்கிறது.

மகள் தாரணி சென்னையில் ஏழு வருஷமாக வளர்த்த பூனை. டப்ளினில் வேலை கிடைத்ததும், கிறிஸ்துமஸ் வாரத்தில் கோவில்பட்டிக்கு வந்து, அதை எங்கள் தலையில் கட்டிவிட்டு விமானம் ஏறிவிட்டாள். அவள் ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தாள். என் மனைவி ஜெயக்கொடி ஒரே நாளில் மாற்றிவிட்டாள். வைத்த சாப்பாட்டை மனுவைப் பார்ப்பதுபோல் பார்த்து, முகர்ந்து, ஒரு பதிலும் சொல்லாமல் உள்ளே போய்விடுகிறதாம். அதனால் தாசில்தார்.

ஜெயக்கொடிக்குத் தபால் ஆபீசில் இன்னும் சர்வீஸ் இருக்கிறது. காலையில் போனால் சாயங்காலம்தான் வருவாள். பகல் முழுக்க வீட்டில் நானும் தாசில்தாரும். இரண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

ஜனவரி 7, செவ்வாய்

தாசில்தாரின் வாய் நாறுகிறது. நேற்று என் மடியில் ஏறிக் கொட்டாவி விட்டபோது தெரிந்தது. ஜெயக்கொடியிடம் சொன்னேன். நாறுவது எந்த வாய் என்று தீர விசாரித்துச் சொல்லச் சொன்னாள்.

நான் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை போடுவதைத்தான் குத்திக் காட்டுகிறாள். வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு, கொஞ்சம் புகையிலை. பள்ளிக்கூடத்தில் இருந்தவரை சாயங்காலம் மட்டும்தான். பிள்ளைகள் முன்னால் வாத்தியார் வாயைக் குதப்பக் கூடாது அல்லவா. இப்போது முன்னால் பிள்ளைகள் இல்லை. காலைக் காபி முடிந்ததும் இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டால் மத்தியானம் வரை பொழுது நகர்கிறது.

ஜெயக்கொடியின் சமையல் வரவர மோசம். சோற்றைக் கஞ்சிப் பதத்துக்குக் குழைய விடுகிறாள். அதோடு மிளகாய்த் தூளுக்குக் கடை மாற்றியிருக்கிறாள் போல. சாம்பார் வாயில் பட்டதும் தீயாக எரிகிறது. சொன்னால், அதே கடை, அதே தூள் என்கிறாள். வயதானால் கை நிதானம் தவறுவது சகஜம் என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டேன்.

ஜனவரி 9, வியாழன்

தாசில்தார் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கடித்ததை ஒரு பக்கமாக வைத்து மென்று பாதியைக் கீழே போட்டுவிடுகிறது. தாரணியைத் தேடுகிறது என்று நான் சொன்னேன். வீடியோவில் தாரணியே அழுதாள். ஜெயக்கொடி மட்டும், டாக்டரிடம் காட்டினால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டாள்.

பசுவந்தனை ரோட்டில் ஒரு கால்நடை டாக்டர் இருக்கிறார். டாக்டர் ஜெபசெல்வி. தாசில்தாரைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து, மூடியைக் கயிற்றால் கட்டி, ஷேர் ஆட்டோவில் கொண்டுபோனேன். வழியெல்லாம் அது போட்ட சத்தத்தில், கூடையில் குழந்தையா என்று ஒரு அம்மாள் விசாரித்தார்.

டாக்டர் அதைத் துண்டில் சுற்றி என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். உதட்டைத் தூக்கிக் காட்டினார். பல்லின் அடியில் பழுப்பாகக் காரை. அதற்கு மேலே ஈறு ரத்தச் சிவப்பாக வீங்கியிருந்தது. கடைவாயில் ஒரு பல்லைக் குச்சியின் முனையால் தொட்டதும் தாசில்தாரின் தாடை வெடவெடவென்று ஆடியது. இது மகளைத் தேடுகிற துக்கம் இல்லை சார், பல்வலி என்றார்.

வீட்டில் யாராவது இதன் வாயைத் திறந்து பார்த்தது உண்டா என்று கேட்டார். என் தொழில் புத்தி முந்திக்கொண்டது. நான் விலங்கியல் ஆசிரியர், முப்பது வருஷம் பாடம் நடத்தியவன் என்று சொல்லி, பூனையின் பல் சூத்திரத்தை மேல்தாடை, கீழ்த்தாடை என்று வரிசையாக ஒப்பித்தேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சூத்திரம் சரிதான், ஆனால் இந்தப் பூனைக்குக் கீழே ஒரு பல் ஏற்கெனவே விழுந்துவிட்டது என்றார்.

கரும்பலகையில் பூனையின் மண்டையோட்டை எத்தனை முறை வரைந்திருப்பேன். கோரைப்பல்லை மட்டும் மஞ்சள் சாக்பீஸில். அந்த முப்பது வருஷத்தில் உயிருள்ள ஒரு பூனையின் வாய்க்குள் ஒரு தடவைகூட எட்டிப் பார்த்ததில்லை. பரீட்சைக்கு அது வராது.

ரத்தப் பரிசோதனைக்கு எடுத்திருக்கிறார். எல்லாம் சரியாக இருந்தால் மயக்கம் கொடுத்துப் பல்லைச் சுத்தம் செய்யவேண்டும். கெட்டதைப் பிடுங்கவேண்டும். அதுவரை வலிக்கு மருந்தும், மெத்தென்ற தீனியும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். கரும்பு வாங்கி வந்து வழக்கம்போல வாசலில் சாத்தினேன். எதிர்வீட்டு முத்துராமலிங்கம் பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து முழுக் கரும்பையும் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு துண்டு நீட்டினார். சர்க்கரை இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. ஜெயக்கொடி அப்போது கோலத்துக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தாள். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

தாசில்தாரும் கடினமானதைக் கடிப்பதில்லை. அதற்குத் துணையாக நானும் கடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரி 18, சனி

இன்று என் அறிவுக்கு ஒரு விழா எடுக்கலாம்.

சிகிச்சைக்குப் பிறகு தினமும் பல் தேய்த்துவிட வேண்டியிருக்கும், இப்போதே வாயைத் தொட்டுப் பழக்குங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொடத்தான் சொன்னார். வாத்தியார் என்பவன் அடுத்த பாடத்தை முன்கூட்டியே நடத்திவிடுகிறவன். தாரணி சின்னப் பிள்ளையில் வைத்திருந்ததுபோல ஒரு குட்டி பிரஷ் வாங்கினேன். நாங்கள் தேய்க்கிற பேஸ்டையே அதில் பட்டாணி அளவு வைத்து, தாசில்தாரின் உதட்டுக்குள் விட்டேன்.

நுரை வந்தது. மூக்கிலும் வந்தது. தாசில்தார் என் முழங்கையில் நான்கு கோடு போட்டுவிட்டு பீரோ மேல் ஏறி, அங்கிருந்து நுரையோடு என்னைப் பார்த்தது. பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தேன். மனிதர்களின் பேஸ்டைப் பூனை துப்பாது, விழுங்கிவிடும், அதில் இருப்பதெல்லாம் அதன் உடம்புக்கு ஆகாது, இனி அதைப் பக்கத்திலேயே கொண்டுபோகக் கூடாது என்று திட்டினார். திட்டும்போதும் சார் போட்டுத்தான் திட்டினார். எவ்வளவு விழுங்கியது என்று கேட்டுக்கொண்டு, வாந்தி எடுக்கிறதா என்று இன்று முழுக்கக் கவனிக்கச் சொன்னார். எடுக்கவில்லை. பூனைக்கென்று தனி பேஸ்ட் இருக்கிறதாம், கோழிக்கறி வாசனையில்.

ஜெயக்கொடி வந்ததும் என் கையைப் பார்த்தாள். பிறகு பீரோவைப் பார்த்தாள். பிறகு மஞ்சள்தூள் எடுக்கப் போனாள்.

ஜனவரி 23, வியாழன்

டாக்டர் சொல்லிக்கொடுத்த முறை: முதல் சில நாள் கன்னத்தை மட்டும் தடவ வேண்டும். அப்புறம் உதட்டைத் தூக்கிவிட்டு விட்டுவிட வேண்டும். அப்புறம் விரலில் மெல்லிய துணியைச் சுற்றிப் பல்லின் வெளிப்பக்கம் மட்டும். உட்பக்கத்தை அதன் நாக்கே பார்த்துக்கொள்ளும். கெட்ட பல் இருக்கும் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம். முடிந்ததும் ஒரு வாய் ருசியாக ஏதாவது. அது முகத்தைத் திருப்பினால் அன்றைக்குப் பாடம் முடிந்தது.

விரலை எந்தச் சாய்வில் வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கண்ணாடி முன் நின்று என் வாயிலேயே ஒத்திகை பார்த்தேன். இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. வாய் அதற்குமேல் திறக்கமாட்டேன் என்றது. பனிக்காலம், தாடை பிடித்துக்கொண்டிருக்கும்.

இடது கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சுண்ணாம்பு கொஞ்சம் தூக்கலாகிவிட்டது போல. விரலால் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. வலி இல்லை. வலி இல்லாததைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

தாசில்தாரின் ரத்தப் பரிசோதனை நன்றாக வந்திருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டிருந்தார்கள். மிட்டாய் கொடுத்தார்கள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

இன்றைக்குத் தாசில்தாருக்குச் சிகிச்சை. ஜெயக்கொடி லீவு போடுகிறேன் என்றாள். ஒரு பூனைக்குப் பல் பிடுங்க இரண்டு பேரா என்று சொல்லித் தடுத்துவிட்டேன். பெரிய தைரியசாலி.

உள்ளே கொண்டுபோனதும் பெஞ்சில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு விவசாயி ஆட்டுக்குட்டியோடு உட்கார்ந்திருந்தார். என்ன கேஸ் என்று கேட்டார். பூனைக்குப் பல் என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வாயில்லா ஜீவன், நாமதான பார்க்கணும் என்றார். எழுந்து வெளியே போய் ஒரு வெற்றிலை போட்டேன். கை நடுங்கியதில் சுண்ணாம்பு வேட்டியில் கொட்டியது. பூனையை நினைத்துத்தான் நடுங்கினேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். வேறு யாரை நினைத்து நடுங்குவேன்.

இரண்டு பல் எடுத்திருக்கிறார்கள். டாக்டர் கடைவாய்ப் பல் ஒன்றைப் பஞ்சில் வைத்துக் காட்டினார். வெளியே தெரிந்த பாகம் ஒரு மாதிரி ஒப்பேறியது. வேர் பாதிக்குமேல் கரைந்துபோயிருந்தது. இவ்வளவையும் வைத்துக்கொண்டுதான் அது ஜன்னலில் உட்கார்ந்து அணிலை மிரட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

தாசில்தார் மயக்கம் தெளியாமல் தள்ளாடிக்கொண்டு வெளியே வந்தது. ஆட்டோவில் கூடையை மடியில் வைத்து, மூடி இடுக்கு வழியாக ஒரு விரலை உள்ளே விட்டுக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் ஒரு சத்தமும் இல்லை. சத்தம் போட்டால் தேவலை என்றிருந்தது.

பிப்ரவரி 5, புதன்

சாப்பிட்டுவிட்டது. கிண்ணத்தைத் துடைத்துவிட்டது. அவித்த மீனை முள் எடுத்து மசித்து வைத்தேன், அடுத்த நிமிஷம் என் காலைச் சுற்றிக்கொண்டு இன்னும் கேட்டது. ஏழு வயதுப் பூனை குட்டி மாதிரி கத்துகிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டப்ளினில் என்ன மணி என்று பாராமல் தாரணியை எழுப்பிச் சொன்னேன்.

டாக்டரிடம் போனில், இவ்வளவு வலியை அது ஏன் காட்டவே இல்லை என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பூனை வலியை மறைக்கும். பிடித்த சாப்பாட்டை முகர்ந்துவிட்டுப் போகும். ஒரு பக்கமாக மெல்லும். கடினமானதைத் தொடாது. சிடுசிடுவென்று இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் வயதாகிவிட்டது, நாக்கு நீண்டுவிட்டது, குணம் மாறிவிட்டது என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

இதைப் பூனைக்காகத்தான் எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 8, சனி

ஜெயக்கொடி வடை சுட்டாள். வேண்டாம் என்றேன். கொஞ்சம் மோரில் ஊறவைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் என்ன தொண்டுகிழமா என்று கத்திவிட்டேன். பிறகு அவள் அந்தப் பக்கம் போனதும் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 12, புதன்

நான்கு நாளாக யோசித்து ஒரு திட்டம் போட்டேன். மகா புத்திசாலித்தனமான திட்டம். என் வாயில் இருப்பதைப் பற்றிக் கேட்க வேண்டும். ஆனால் மனுஷ டாக்டரிடம் போனால் வாயைத் திறக்கச் சொல்வார். போனில் தேடலாம் என்று முந்தாநாள் பார்த்தேன். முதல் படத்திலேயே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஆகவே, தாசில்தாரின் பேரில் கேட்பது.

கூடை இல்லாமல் தனியாக டாக்டர் ஜெபசெல்வியிடம் போனேன். தாசில்தாருக்குக் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு இருக்கிறது, தேய்த்தால் போகவில்லை, அது என்னவாக இருக்கும் என்று கேட்டேன். சாதாரணமாகக் கேட்டதாகத்தான் நினைக்கிறேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிகிச்சை அன்று வாய் முழுக்கப் பார்த்தேன், அப்படி எதுவும் இல்லையே, நாளைக் காலையிலேயே கொண்டுவாருங்கள் என்றார். என்னவாக இருக்கும் என்று மறுபடி கேட்டேன். பார்க்காமல் சொல்ல முடியாது, துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் சொல்ல முடியும் என்றார். வெறும் புண்ணாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். பொறுத்துப் பார்ப்போம் என்று மட்டும் இருக்கக் கூடாதாம்.

“சீக்கிரம் வந்தா எங்களால செய்யறதுக்கு நிறைய இருக்கு சார். லேட்டா வந்தா ஆறுதல்தான் சொல்ல முடியும்.”

சரிங்கம்மா என்று எழுந்து வந்தேன். பஸ் ஸ்டாண்டைத் தாண்டி, மார்க்கெட்டைத் தாண்டி, வீட்டையும் தாண்டி ரயில்வே கேட் வரை நடந்துவிட்டேன். திரும்பி வரும்போதுதான் கன்னத்தில் வெற்றிலை இருப்பதே தெரிந்தது.

பிப்ரவரி 13, வியாழன்

போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் காலையில் டாக்டரே போன் செய்துவிட்டார், பூனையைக் கொண்டு வருகிறீர்களா என்று. ஒரு பாவமும் அறியாத தாசில்தாரைக் கூடையில் அடைத்துக் கொண்டுபோனேன்.

எந்தப் பக்கம் என்று கேட்டார். இடது என்றேன். உதட்டைத் தூக்கி லைட் அடித்துப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வலது பக்கம் பார்த்தார். நாக்கின் அடியில் பார்த்தார். தாசில்தார் என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. வேறு என்ன செய்கிறது சார் என்று டாக்டர் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போயிருந்தேன். வாய் முழுசாகத் திறக்க முடியவில்லை என்றேன். ஒரு பக்கமாகத்தான் மெல்கிறது என்றேன். காரம் பட்டால் எரிகிறது என்றேன்.

டாக்டரின் கை நின்றது. எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆனால் முப்பது வருஷம் பாயிண்ட் பாயிண்டாகப் பாடம் நடத்திய நாக்கு. ஆரம்பித்தால் கடைசிப் பாயிண்டைச் சொல்லாமல் நிற்காது. தீபாவளியிலிருந்து இப்படித்தான் இருக்கிறது என்று முடித்தேன்.

“தீபாவளிக்கு இந்தப் பூனை சென்னையில இருந்துச்சு சார்.”

மகள் சொன்னாள் என்றேன்.

“சாம்பார் ஊத்துனாங்கன்னும் சொன்னாங்களா?”

நான் மேஜையில் இருந்த நாயின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பற்கள் வரிசையாக வெள்ளையாக இருந்தன. டாக்டர் தாசில்தாரைத் தூக்கிக் கூடைக்குள் விட்டார். கையுறையைக் கழற்றினார். எவ்வளவு வருஷமாகப் புகையிலை போடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். யாரிடமாவது காட்டினீர்களா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

தான் ஆடு, மாடு, நாய், பூனைக்கு மட்டும்தான் டாக்டர், என் வாயைப் பார்க்கத் தனக்கு உரிமை இல்லை, ஆனால் நேற்று சொன்னதில் ஒரு வார்த்தையும் பூனைக்கு மட்டும் சொன்னதில்லை என்றார். திருநெல்வேலியில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னார். பிறகு கூடையைப் பார்த்தபடி கேட்டார்.

“பூனைக்கு நீங்க வந்தீங்க. உங்களுக்கு யாரு வாரா?”

ஜெயக்கொடி என்று சொல்ல வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை, அழுகைதான் வந்தது. ரிட்டயர்டு ஆன விலங்கியல் ஆசிரியர் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில், வெளியே ஒரு கன்றுக்குட்டி காத்திருக்க, வேட்டி நுனியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் கன்றுக்குட்டியைக் கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்.

அன்றே சாயங்காலம்

ஜெயக்கொடி ஆபீசிலிருந்து வந்து காபி குடிக்கும் வரை பொறுத்தேன். தாசில்தாருக்கு ஒன்றும் இல்லையாம் என்றேன். சரி என்றாள். டாக்டரம்மா நல்ல மாதிரி என்றேன். அதற்கும் சரி என்றாள். திருநெல்வேலிக்கு முதல் பஸ் எப்போது என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

வாயைத் திறந்து இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினேன். அவள் மொபைலில் லைட்டைப் போட்டுக் கிட்டே வந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். லைட்டை அணைத்துவிட்டு அதே இடத்தில் நின்றாள்.

“எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? இட்லியக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக மாட்டேங்கீங்க. கேட்டா கத்துவீங்கன்னு பயந்துக்கிட்டு, சோத்தக் குழைச்சுக் குழைச்சுப் போட்டுக்கிட்டு இருந்தேன். போட்டிருக்கக் கூடாது. கேட்டிருக்கணும்.”

இத்தனை மாதமும் சோறு குழைந்ததற்கு நான் அவள் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். தப்பு என்மேல்தான் என்றேன். என்மேலும்தான் என்றாள். கல்யாணமான நாளிலிருந்து ஒரு தப்புக்கு நாங்கள் இப்படிப் போட்டி போட்டதே இல்லை.

புகையிலை டப்பாவை அவளிடம் கொடுத்தேன். கழிவறையில் கொட்டிவிட்டு டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். எதையும் வீணாக்க மாட்டாள்.

பிப்ரவரி 17, திங்கள்

திருநெல்வேலி. சின்ன வயது டாக்டர், வாய்க்கு முகமூடி. எத்தனை விரல் உள்ளே போகிறது என்று பார்க்கச் சொன்னார். ஏற்கெனவே ஒத்திகை பார்த்தாயிற்று, இரண்டு என்றேன். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். ஒரு மாதம் என்று சொல்லத்தான் நாக்கு எழுந்தது. ஜெயக்கொடி என்னைப் பார்த்தாள். தீபாவளியிலிருந்து என்றேன். அதற்கும் முன்னாலிருந்து என்றாள் அவள்.

கன்னத்தை மரத்துப்போகச் செய்து துளி சதை எடுத்தார்கள். நாற்காலியின் இரண்டு கைப்பிடியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். தாசில்தார் இதில் என்னைவிட மேல். அது டாக்டரைக் கடிக்கவாவது பார்த்தது.

பார்த்ததை வைத்து ஒன்றும் சொல்லமாட்டேன், ரிசல்ட் வரட்டும் என்றார். வாய் இறுகியிருப்பது புகையிலையும் சீவலும் செய்த வேலை, இன்றோடு இரண்டையும் விட வேண்டும் என்றார். விட்டாயிற்று என்று ஜெயக்கொடி பதில் சொன்னாள். என்னவோ அவள்தான் போட்டுக்கொண்டிருந்த மாதிரி.

பிப்ரவரி 20, வியாழன்

வெற்றிலை இல்லாமல் நான் மனுஷனாக இல்லை. பேப்பர் போடுகிறவரிடம் சண்டை. முத்துராமலிங்கத்திடம் சண்டை. சண்டை போட ஆள் கிடைக்காதபோது சமையல் எண்ணெய் விளம்பரத்தோடு சண்டை. தாசில்தார் என்னைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது.

பிப்ரவரி 22, சனி

வீட்டில் காலை நேரத்துக்கு இப்போது ஒரு ஒழுங்கு வந்திருக்கிறது. முதலில் என் முறை. வாய் திறப்பதற்கு டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சி. ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். வலிக்கிறது, எச்சில் வழிகிறது. ஜெயக்கொடி துண்டோடு பக்கத்தில் உட்காருகிறாள். அடுத்து தாசில்தாரின் முறை. பிடுங்கிய இடம் ஆறிவிட்டது, இனி தேய்க்கலாம் என்று டாக்டர் ஜெபசெல்வி சொல்லிவிட்டார். கோழிக்கறி வாசனைப் பேஸ்டை விரலில் தடவி உதட்டை லேசாகத் தூக்கினால் அதுவாகவே முகத்தைச் சாய்த்துக் காட்டுகிறது. வெளிப்பக்கம், சின்னச் சின்ன வட்டமாக. இன்று முதல் தடவையாகக் கடைசிப் பல் வரை போக விட்டது. நான் பெருமையோடு ஜெயக்கொடியைப் பார்த்தேன். பூனை பரவாயில்லை, உங்களுக்குத்தான் இன்னும் பழகவில்லை என்றாள்.

தாரணியிடம் நேற்று சொன்னோம். நான் சொல்கிறேன் என்று ஆரம்பித்துப் பூனையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். ஜெயக்கொடி போனை வாங்கிச் சொன்னாள். டிக்கெட் பார்க்கவா அப்பா என்றாள் தாரணி. வேண்டாம், ரிசல்ட் வரட்டும் என்றேன். போனை வைத்த பிறகு, வா என்று சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 27, வியாழன்

ரிசல்ட் வந்துவிட்டது, இரண்டு பேரும் நேரில் வாருங்கள் என்று நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன். நல்லது என்றால் போனிலேயே சொல்லியிருக்கமாட்டார்களா என்று கேட்டேன். எல்லோரையும் நேரில்தான் கூப்பிடுவார்களாம், ஜெயக்கொடி கேட்டு வைத்திருக்கிறாள்.

எட்டு மணி பஸ்ஸுக்கு என்று ஏற்பாடு. நான் சட்டை மாட்டி, செருப்பும் போட்டு, வாசலில் நின்றேன். ஏதாவது கேலியாகச் சொல்லலாம் என்று தேடினேன். இந்த டைரி முழுக்க அப்படித்தான் ஓட்டியிருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். ஜெயக்கொடி கண்ணாடி முன்னால் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

“எனக்குப் பயமா இருக்கு” என்றேன்.

மடிப்பை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பினாள்.

“எனக்கும்தான்.”

கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாளா, நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேனா என்று தெரியவில்லை. எட்டு மணி பஸ் போய்விட்டது.

அடுத்த பஸ்ஸுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கிறது. அவள் முகம் கழுவிவிட்டு மறுபடி சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பூனைக்குத் தண்ணீர் வைத்துவிட்டீர்களா என்று கேட்கிறாள். வைக்கப் போகிறேன்.